முப்பத்தொன்பது பெண்கள் சூழ்ந்த நிலம்

பெத்தியா லெய்ட்லாவுக்கு இங்கிலாந்திலிருந்து மாதம் தவறாமல் ஒரு தடித்த உறை வரும். எல்லைக்கு வடக்கே, எங்கள் சின்ன ஊர் ஹிண்ட்ரிக்கில் பாதிரியாருக்குக்கூட அவ்வளவு தபால் கிடையாது. அதனால் ஊரில் பல கதைகள் உலவின. தெற்கே அவளுக்கு ஒரு காதலன் இருக்கிறான், அவனுக்கு ஏற்கெனவே பெண்டாட்டி இருக்கிறாள் என்பது அவற்றில் கொஞ்சம் கௌரவமான கதை. ஊர்த் தபாலைச் சுமந்தவன் நான், பெயர் வாட். எனக்கு உண்மை தெரியும். அந்தக் காதலன் ஓர் அகராதி.

ஆங்கிலத்தில் உள்ள எல்லாச் சொற்களையும், அவை பிறந்த நாளிலிருந்து இன்றுவரை எப்படியெல்லாம் பொருள் மாறி வந்தன என்பதையும் எழுதப்போகிறோம் என்று சில படித்தவர்கள் கிளம்பியிருந்தார்கள். பழைய புத்தகங்களைப் படித்து, ஒவ்வொரு சொல்லும் வரும் வாக்கியத்தைச் சீட்டில் எழுதி அனுப்பச் சொல்லி நாடு முழுவதும் ஆள் கேட்டார்கள். சீட்டு உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. மேலே சொல், நடுவில் வாக்கியம், கீழே புத்தகமும் ஆண்டும் பக்கமும். பெத்தியா பத்து வருடங்களில் நாலாயிரம் சீட்டுக்குமேல் அனுப்பியிருந்தாள்.

அவள் பகலில் ஆலையின் ஊசி அறையில் வேலை பார்த்தாள். தறியிலிருந்து வரும் கம்பளித் துணியை வெளிச்சத்தில் விரித்து, அறுந்த இழையைத் தேடிப் பிடித்து, ஊசியால் மறுபடி கோத்துச் சேர்க்கிற வேலை. அந்த அறையில் நாற்பது பெண்கள் இருந்தார்கள். பள்ளியில் நானும் அவளும் ஒரே பெஞ்ச். பதினோரு வயதில் அவளை ஆலைக்கு அனுப்பிவிட்டார்கள். பிற்பாடு, எங்கள் பழைய பாதிரியாருக்குக் கண் மங்கியபோது, தேவாலயத்துப் பழைய ஏடுகளை அவருக்குப் படித்துக் காட்ட யாரும் கிடைக்காமல் இவள் போனாள். கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும் முந்நூறு வருடத்துக் கையெழுத்தை, முட்டி மோதித் தானாகவே படிக்கக் கற்றுக்கொண்டாள்.

1889 மே மாதம் ஒரு உறை வந்தது. மதிய மணி அடித்ததும் ஆலை வாசலில் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். முகம் மாறியதைப் பார்த்து, யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டேன்.

"இன்னும் சாகல வாட்," என்றாள். "ஒரு வார்த்தை. பொழைக்குமா பொழைக்காதான்னு இழுத்துக்கிட்டு கெடக்கு."

ஆலைச் சுவரில் உட்கார்ந்து ஓட்ஸ் அப்பத்தைப் பிய்த்துத் தின்றுகொண்டே விவரம் சொன்னாள். அகராதிக்காரர்கள் 'ஈ' எழுத்துக்கு வந்திருந்தார்கள். அதில் 'என்விரான்மென்ட்' என்ற சொல்லும் அதன் குடும்பமும் அச்சுக்குப் போகவேண்டும். ஒரு செடியோ விலங்கோ மனிதனோ எந்தச் சூழ்நிலைக்குள் இருந்து வளர்கிறதோ, அதை அதுவாக ஆக்குகிற காற்று, மண், அண்டை அயல் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் படித்தவர்கள் இப்போது அந்தச் சொல்லைச் சொல்கிறார்களாம். ஆனால் அந்தப் பொருளுக்கு வயது அறுபதுதான். எங்கள் பக்கத்துப் பள்ளத்தாக்கில் பிறந்த எழுத்தாளர் ஒருவர், ஜெர்மன் சொல் ஒன்றுக்கு ஈடு தேடியபோது, மூலையில் கிடந்த இதை எடுத்துத் தூசி தட்டியிருக்கிறார். அதற்கு முன்னால் அதற்கு 'சூழப்பட்ட நிலை' என்றுதான் பொருள். அதற்கும் முன்னால் 'என்விரான்' என்று ஒரு வினைச்சொல். அது பிரான்சிலிருந்து வந்தது. அங்கே 'விரோன்' என்றால் வட்டம். 'திரும்பு' என்பதற்கான சொல்லும் அதன் உறவு. ஒன்றைச் சுற்றி வட்டமாக நிற்பது, அவ்வளவுதான் வேர்.

"யாரு சுத்தி நிக்கறா?" என்று கேட்டேன்.

"அதான் விஷயம். இதுவரைக்கும் வந்து சேர்ந்த பழைய சீட்டுல பெரும்பாலும் சுத்தி நிக்கறது எதிரிதான். கோட்டையச் சுத்திப் பட்டாளம். ஆட்டைச் சுத்தி ஓநாய். நோயாளியச் சுத்திச் சாவு. ஒரே ஒரு சீட்டு மட்டும் வேற மாதிரி. அதுல பொம்பளைங்க ஒரு நிலத்தைச் சுத்தி நிக்கறாங்க. காவலுக்கு."

"யாரு அனுப்பின சீட்டு?"

"நான்தான்."

ஆனால் அந்தச் சீட்டில் ஆண்டும் இல்லை, பக்கமும் இல்லை. ஏழு வருடங்களுக்கு முன் ஊர்மன்றக் கட்டடத்தின் கூரை ஒழுகி, பழைய ஏடுகளெல்லாம் நனைந்து, அவற்றை ஆலையின் கம்பளி உலர்த்தும் மாடியில் விரித்துவைத்திருந்தார்கள். பெத்தியா ஐந்து நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே ஏறிப்போய், நின்றபடி படித்தாள். ஐந்தாம் நாள் அந்த வரி கண்ணில் பட்டது. வாக்கியத்தை எழுதி முடிப்பதற்குள் வேலை மணி அடித்துவிட்டது. மறுநாள் ஏடுகளை எடுத்துப்போய்விட்டார்கள். பக்கமும் ஆண்டும் இல்லாமல் அச்சில் ஏற்ற முடியாது, ஜூலை முதல் வாரத்துக்குள் சரிபார்த்து அனுப்ப முடியுமா என்று அகராதியின் ஆசிரியர் கேட்டிருந்தார்.

ஊர்மன்ற எழுத்தர் கிடியன் பிரிங்கிளுக்கு அன்றே எழுதிப் போட்டாள். அவர் வீடு அவள் வீட்டுக்கு எதிர்வரிசை. கடிதத்தை இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் கொடுத்தேன். மறுநாள் பதிலை அந்தப் பக்கம் வாங்கி இந்தப் பக்கம் கொடுத்தேன். ஏடு இரும்புப் பெட்டியில் இருக்கிறது, எல்லைச் சவாரி நாளில் மட்டுமே வெளியே எடுக்கப்படும், அன்றும் அதைத் தொடும் உரிமை எழுத்தருக்கு மட்டுமே என்று எழுதியிருந்தார்.

எல்லைச் சவாரி எங்களுக்குக் கிறிஸ்துமஸைவிடப் பெரிது. ஜூன் இரண்டாம் வெள்ளியன்று, கல்யாணமாகாத இளைஞன் ஒருவன் ஊர்க்கொடியைப் பிடித்து முன்னால் போக, இருநூறு குதிரைகள் பின்னால் போகும். பொதுநிலத்தின் எல்லையைச் சுற்றி வந்தால்தான் அது இன்னும் எங்களுடையது என்று கணக்கு. ஐந்தரை மைல்தான். ஆனால் வழியில் குடிப்பதற்கும் பந்தயம் விடுவதற்கும் நிற்பதால் திரும்பி வரச் சாயங்காலம் ஆகிவிடும். பெண்கள் ஜன்னலிலிருந்து கைக்குட்டை ஆட்டலாம். அதற்குமேல் அவர்களுக்கு அதில் பங்கு இல்லை.

அந்த வருடமும் காலையில் பிரிங்கிள் ஏட்டைத் திறந்துவைத்து, எல்லைகளின் பெயர்களைக் கணீரென்று வாசித்தார். குதிரைகள் புறப்பட்டுப் போயின. ஊர் காலியானது. பிரிங்கிளுக்குக் கால் பெருவிரலில் வாதம். அவர் போகவில்லை. பதினொரு மணிக்கு நான் அவருக்கு வந்த ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு ஊர்மன்றத்துக்குப் போனேன். பெத்தியா என்னோடு வந்தாள். அவர் முக்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் நீலத் துணியில் ஏடு கிடந்தது.

"மிஸ் லெய்ட்லா, உங்களுக்குப் பதில் எழுதிட்டேனே," என்றார்.

"படிச்சேன் ஐயா. நான் தொடமாட்டேன். நீங்களே பக்கத்தைத் திருப்புங்க. நான் நின்னு பாத்துக்கறேன்."

அதில் விதிக்கு விரோதமாக ஒன்றும் இல்லை. நல்ல மனுஷன்தான், விதியைப் பிடித்துக்கொண்டு நிற்பவன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அவருக்குப் பொறுமை போயிற்று. என்ன வேண்டுமென்று சொன்னால் தானே படித்துச் சொல்வதாகச் சொல்லி, ஒரு வரியில் விரலை வைத்து, காலையில் வாசித்த அதே எல்லைப் பெயர்களை அதே ராகத்தில் ஆரம்பித்தார்.

பெத்தியா அவர் நிறுத்தும்வரை காத்திருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "ஐயா, அது பன்னி தெருவுல திரியக் கூடாதுன்னு உத்தரவு போட்ட பக்கம்."

நான் கூரையைப் பார்த்துக்கொண்டேன். அவர் விரலை எடுக்கவில்லை. கன்னம் மட்டும் சிவந்தது.

"முப்பத்தோரு வருஷம்," என்றார் கடைசியில். "எனக்கு இதுல ஒரு எழுத்து தெரியாது. எனக்கு முன்னால இருந்தவருக்கும் தெரியாது. அவர் மனப்பாடமாச் சொல்லிக் குடுத்தாரு, நான் சொல்லிக்கிட்டு வரேன். வாட், இது இந்த ரூமைத் தாண்டி வெளியே போச்சுன்னா..."

போகாது என்று சொன்னேன். அவர் இறந்து ஒன்பது வருடமாகிவிட்டது, அதனால் இப்போது சொல்கிறேன். அவர் ஏட்டை மேஜைமேல் பெத்தியாவின் பக்கம் தள்ளினார். "தொடுங்க," என்றார். "யாராவது ஒருத்தர் படிச்சாத்தான் என்ன."

அவள் கையை உடையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அரை மணி நேரம் காகிதம் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் நிறுத்தினாள். தனக்குள் ஒருமுறை படித்தாள். உதடு அசைவது தெரிந்தது. அப்புறம் எங்களுக்காக உரக்கப் படித்தாள், ஒவ்வொரு சொல்லாக, இழையைத் தேடுகிறவள் வேகத்தில்.

1513 அக்டோபர் இருபத்திநாலு. ஃப்ளாடனில் இங்கிலாந்துக்காரர்களோடு நடந்த போரில் எங்கள் ராஜாவும் பட்டாளமும் ஒரே பிற்பகலில் அழிந்து ஆறு வாரம். அந்தப் போரைப் பற்றி எங்கள் பகுதியில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஹிண்ட்ரிக்கிலிருந்து போனவர்கள் எண்பத்தொரு பேர், திரும்பியவர்கள் இரண்டு பேர், இருவருக்கும் குதிரைமேல் உட்கார முடியாது என்று எழுதியிருந்தது. அந்தக் காலத்தில் எல்லைச் சவாரி இலையுதிர் காலத்தில் நடக்கும், அந்த வருடம் நடக்கவில்லை. உரிமை போயிற்று என்று பக்கத்துப் பிரபுவின் ஆட்கள் மாடுகளைப் பொதுநிலத்தில் இறக்கிவிட்டார்கள். அப்போது ஊர்த் தலைவரின் விதவை மார்யன் ஆலிவர் என்பவள் தேவாலய வாசலில் பெண்களைக் கூட்டி, நிலத்தைச் சுற்ற வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது, ஆண்தான் சுற்ற வேண்டும், குதிரையில்தான் சுற்ற வேண்டும் என்று எங்கே சொல்கிறது என்று கேட்டாள். முப்பத்தொன்பது பெண்கள் மேட்டில் ஏறினார்கள். ஒருத்தியின் குரல் அடுத்தவளுக்குக் கேட்கும் தூரத்தில் எல்லை முழுக்க நின்றார்கள். மார்யன் தன் பெயரைக் கூவினாள். அதைக் கேட்ட அடுத்தவள் தன் பெயரைக் கூவினாள். அப்படியே போய், கூவல் நிலத்தைச் சுற்றி மறுபக்கமாக மார்யனிடம் திரும்பி வந்தது. பாதிரியாரும் எழுத்தரும் சாட்சியாக இருக்க, மூன்று முறை. பிரபுவின் மாட்டுக்காரர்கள் நாலாபக்கமும் குரலைக் கேட்டார்கள், அதற்கு முடிவைக் காணவில்லை, மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

இவ்விதமாக மேற்படிப் பெண்கள் பொதுநிலம் முழுவதையும் என்விரான் செய்தார்கள் என்று எழுத்தர் முடித்திருந்தார்.

பெத்தியா அந்தச் சொல்லின் அடியில், தாளில் படாமல் நகத்தைப் பிடித்துக் காட்டினாள். "முன்னாலயும் பின்னாலயும் எல்லா வருஷமும் 'சவாரி பண்ணாங்க'ன்னு எழுதியிருக்கு. இந்த வருஷம் அந்த வார்த்தை பொருந்தல. அவங்க போகவே இல்லியே, நின்னாங்க. மனுஷன் வேற வார்த்தை தேடியிருக்காரு. அவருக்குத் தெரிஞ்சது முற்றுகைக்குச் சொல்ற வார்த்தைதான். அதை எடுத்து இவங்களுக்குக் குடுத்துட்டாரு."

கீழே பெயர்கள் இருந்தன. முப்பத்தொன்பதையும் நிறுத்தாமல் படித்தாள். மார்யன் ஆலிவர் என்று மறுபடி வந்தபோது நான் ஓர் அடி முன்னால் போய் ஏட்டை எட்டிப்பார்த்தேன். ஆலிவர் என் குடும்பப் பெயர், எங்கள் வீட்டில் யாரும் அவளைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. பிரிங்கிள் என்று இரண்டு பேர். ரதர்ஃபோர்ட் நாலு பேர். லெய்ட்லா யாரும் இல்லை. அவர்கள் ஆலை வந்தபிறகு ஊருக்கு வந்தவர்கள். கடைசியில் பெயரில்லாத ஒருத்தி: மலைக்கு அப்பாலிருந்து வந்த ஒரு பிச்சைக்காரி, தன் பெயரைச் சொல்லமாட்டேன் என்றாள், தன் முறை வந்தபோது 'இங்கே' என்று கூவினாள்.

பிரிங்கிள் எழுந்து நின்றிருந்தார். எப்போது எழுந்தார் என்று எனக்குத் தெரியாது. கெட்ட காலையும் தரையில் ஊன்றியிருந்தார். தன்னுடைய பேனாவை மையில் தோய்த்து அவளிடம் நீட்டினார். இருபத்துமூன்றாம் தாள், பின்பக்கம், 1513 என்று அவள் சீட்டில் எழுதினாள். முழு விவரத்தையும் ஒரு கடிதமாக எழுதிச் சேர்த்தாள், நான் இரண்டையும் அன்றைய பையிலேயே போட்டேன்.

பத்து நாளில் பதில் வந்தது. சீட்டு ஏற்கப்பட்டது. அந்த வரியைத் தன்னிடம் வேலை செய்கிறவர்களுக்கு வாசித்துக் காட்டியதாக ஆசிரியர் எழுதியிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி: இது அகராதிக்காக அல்ல, என் சொந்த ஆர்வம், ஐந்தரை மைல், முப்பத்தொன்பது குரல், உண்மையிலேயே முடியுமா?

அது பெத்தியாவைத் தூங்கவிடவில்லை. எழுத்தர் பொய் எழுதியிருப்பாரோ, ஊர்ப் பெருமைக்காகக் கொஞ்சம் கூட்டியிருப்பாரோ என்று நாலு நாள் அரித்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் ஊசி அறையில் தேநீர் நேரத்தில் எல்லாருக்கும் கதையைச் சொன்னாள். ரதர்ஃபோர்ட் குடும்பத்து டிபிதான் அந்த அறையில் வாய்க்காரி. தறிக்கூடத்திலிருந்து வந்தவள்.

"கத்தறதுக்குத்தான் ஆள் வேணுமா?" என்றாளாம். "தறிச் சத்தத்துக்கு மேல இருபது வருஷமா அதத்தானே பண்ணிக்கிட்டு இருந்தேன். எங்க நிக்கணும்னு மட்டும் சொல்லு."

அதைச் சொல்ல என்னைப் பிடித்தார்கள். எந்தப் பண்ணையிலிருந்து கூப்பிட்டால் எந்த மேட்டில் கேட்கும் என்பது தபால்காரனுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? இரண்டு வாரம், ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாட்களில், வேலை முடிந்ததும் எல்லை முழுக்க அடி எண்ணி நடந்து, முப்பத்தொன்பது குச்சி நட்டேன். ஆணில்லாத ஊரில் அந்த மார்யன் எப்படி இடம் குறித்தாள் என்று ஒவ்வொரு குச்சிக்கும் நினைத்துக்கொண்டேன். சில இடத்தில் குனிந்து நட்டபோது, இங்கேதான் ஒருத்தி நின்றிருக்க வேண்டும், வேறு எங்கே நின்றாலும் கேட்டிருக்காது என்று எனக்கே தெரிந்தது.

ஜூலை ஆலை விடுமுறையில் செவ்வாய்க்கிழமை வந்தார்கள். மதியம் இரண்டு மணிக்கு, நல்ல தொப்பியும் மூட்டை ரொட்டியுமாக முப்பத்தெட்டு பேர். முப்பத்தொன்பதாமவளுக்குக் காலையில் பிரசவ வலி எடுத்துவிட்டது. ஆற்றுத் தடுப்பணைக்கு இந்தப் பக்கம் ஓர் இடம் காலியாக நின்றது.

"தபால்காரனை நிறுத்துங்க," என்றாள் டிபி. "பாவாடை வேணும்னா என்னுது தரேன்."

"உன் பாவாடைக்குள்ள என் பையும் சேர்த்து ரெண்டு பேர் நிக்கலாம்," என்றேன். அவள் சிரித்ததில் மரத்திலிருந்து காகம் பறந்தது. பாவாடை இல்லாமலே என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

பெத்தியா ஏட்டிலிருந்து எழுதிவந்த பெயர்களைப் பிரித்துக் கொடுத்தாள். அவரவர் பெயரை அல்ல, பழைய பெயர்களையே கூவுவது என்று முடிவாயிற்று. அவள் முதலில் நின்றாள்; அதனால் மார்யன் ஆலிவர் அவளுக்கு. நான் கடைசி, எனக்குப் பெயர் இல்லாதவள். எனக்கும் பெத்தியாவுக்கும் நடுவே தடுப்பணையின் இரைச்சல். அந்த அணை 1513-ல் கிடையாது. எனவே அந்த இடம்தான் மற்ற எல்லாவற்றையும்விடக் கடினம்.

முதல் தடவை கூவல் மேட்டுச் சதுப்பு நிலம் வரை போய்ச் செத்துவிட்டது. காற்று. இரண்டாம் தடவை கல்லுடைக்கும் பள்ளத்தில் எதிரொலித்து, ஒருத்தி இரண்டு தடவை கூவி, குழம்பி, மேட்டிலிருந்து சிரிப்பு மட்டும் எங்களை வந்தடைந்தது. பிறகு காத்திருந்தோம். நாலு மணிக்குமேல் காற்று நின்றது. புல் அசையவில்லை.

பெத்தியா எழுந்து நின்றாள். நீர்ச்சத்தத்தில் அவள் குரல் எனக்குக் கேட்கவில்லை, வாய் திறந்ததைத்தான் பார்த்தேன். ஆனால் அவளுக்கு அந்தப் பக்கம், உயரமான பாறைமேல் நின்றவள் கூவியது தெளிவாகக் கேட்டது. ஜேனட் டேவிட்சன். பிறகு அதற்கும் அப்பால், கேத்தரின் ஹால். பிறகு மெல்லியதாக ஒரு பெயர், பிறகு இன்னும் மெல்லியதாக ஒன்று. மேட்டைத் தாண்டியதும் ஒன்றும் கேட்கவில்லை.

நான் அங்கே நின்றேன். எனக்கு முன்னால் தண்ணீர், பின்னால் மலை. கூவல் இப்போது எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. அதை வைத்திருக்கிறவளுக்கு மட்டும் தெரியும். ஒருத்திக்கு வலப்பக்கம் கேட்டு இடப்பக்கம் கொடுத்துவிட்டால் முடிந்தது. முழுவதையும் யாரும் பார்க்க முடியாது. எல்லா வீட்டிலும் ஆண் செத்துப்போன ஊரில், குளிர் தொடங்கிய மாதத்தில், அந்தப் பெயரில்லாதவள் இங்கே இப்படி நின்று காத்திருந்தாள் என்று தோன்றியது. அவளுக்கு இந்த ஊரில் ஒரு கோழிகூட இல்லை.

மூன்று நிமிடம் இருக்கும். எனக்கு மணிக்கணக்காகப் பட்டது. இந்தத் தடவையும் போய்விட்டது என்று நினைத்தபோது, எதிர்த் திசையில், மலையின் அந்த முனையில், ஊசிமுனை அளவு ஒரு சத்தம். பறவை என்று நினைத்தேன். அடுத்தது கொஞ்சம் தடித்து வந்தது. அதற்கு அடுத்ததில் அது பெயர் என்று தெரிந்தது. இறங்கி இறங்கி வந்தது. ஒவ்வொரு குரலும் வேறு, ஆனால் ஒன்றே வருவது போல வந்தது. மார்கரெட் ரதர்ஃபோர்ட் என்று டிபி கூவியபோது மலையே கூவிய மாதிரி இருந்தது. அதன்பின் ஒரு பெயர், இன்னொன்று, எனக்கு அருகில் நின்ற பெண் என் பக்கம் திரும்பிக் கையைக் குவித்து எல்ஸ்பெத் பிரிங்கிள் என்றாள்.

நானும் கையைக் குவித்துக்கொண்டேன். பெத்தியா அக்கரையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் 'இங்கே' என்று கூவினேன். இரைச்சலைத் தாண்ட என்னிடம் இருந்த மூச்சு முழுவதும் போயிற்று.

அவளுக்குக் கேட்டது. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தாள். ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டு, ஏட்டில் மூன்று முறை என்றல்லவா இருந்தது, மறுபடி வாயைத் திறந்தாள்.

மூன்று முறையும் வந்தது. மூன்றாவது முறை வரும்போது, எல்லைக்கு வெளியே பக்கத்து நிலத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவன் தொப்பியை எடுத்து மார்பில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். எதற்கென்று அவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

பெண்கள் இறங்கி வந்தார்கள். ரொட்டியைப் பிரித்தார்கள்.  டிபி தொண்டை கட்டிய குரலில், "நான் கூவற பேரு என் வாயில வரும்போது, அது ஏற்கெனவே எங்கேயோ இருந்துக்கிட்டு இருந்த மாதிரி இருந்துச்சு," என்றாள்.  பெத்தியா தேநீரை ஊற்றி ஒவ்வொருத்திக்கும் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

நாங்கள் யாரும் நினைத்துப்பார்க்காத ஒன்றை மறுநாள் காலையில் பிரிங்கிள் எனக்குச் சொன்னார். கடிதம் கொடுக்கப் போனபோது என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஹிண்ட்ரிக், கிண்ணம் மாதிரியான ஒரு மலைப்பள்ளத்தின் அடியில் இருக்கிற ஊர். எல்லை அதன் விளிம்பு. நாங்கள் விளிம்பில் நின்று ஒவ்வொரு பக்கமாகத்தான் கேட்டோம். அவர் ஊருக்கு நடுவில், ஊர்மன்ற வாசலில், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"கடைத்தெருவுல எல்லாரும் வெளிய வந்துட்டாங்க வாட். என்னன்னு யாருக்கும் தெரியாது. மேல சுத்திலும் பொம்பளை குரல், பேரு பேரா. ஒரு பேரு இங்க கேட்டா அடுத்தது கொஞ்சம் தள்ளி. ரொட்டிக்கடைக்காரன், அவன் பெண்டாட்டி, கொல்லன், எல்லாரும் அது போற பக்கம் திரும்பறாங்க. தெரு முழுக்க ஜனம் நின்ன எடத்துலயே மெதுவா திரும்பிக்கிட்டு இருக்கு. நானும் எழுந்து திரும்பினேன். மூணு சுத்து. முடிஞ்சப்பறம்தான் பாக்கறேன், அந்தக் கெட்ட கால்ல நின்னுக்கிட்டு இருக்கேன்."

அவர் முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டார். பிறகு காலை முக்காலியில் தூக்கி வைக்க என்னைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.